சொட்டு மருந்தும் சொன்ன வாயும்

நோய் பரவும் காலத்தில் மருந்தைக் கண்டறிவது ஒரு கடமை. அம்மருந்தைப் பற்றிய செய்தியை மக்கள் மனங்கொள்ளுமாறு கொண்டு சேர்ப்பது மற்றொரு கடமை. முன்னதைப் போற்றும் அளவுக்குப் பின்னதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்குத் தொன்மையானதொரு சான்று உண்டு. கி.பி. 638-639-இல் ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் வாட்டியது. அந்நாட்டை நோக்கிப் பயணமான கலீபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, அபூ உபைதா (ரலி) முதலான படைத்தலைவர்கள் எதிர்வந்து நோய்ச் செய்தியை அறிவித்தனர். கலீபா அவர்கள் உடனே ஆணை பிறப்பித்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களையும், பின்னர் அன்ஸார்களையும் அழைத்துக் கலந்தார்கள். அவர்களிடையே கருத்து வேற்றுமை நிலவியது. அதன்பின் குறைஷி முதியோரை அழைத்தார்கள். திரும்பிச் செல்வதே நன்று என அவர்கள் ஒருமித்துரைத்தனர். இறைவிதியை விட்டு ஓடுவதா என்று அபூ உபைதா (ரலி) வினவியபோது அதற்கும் விளக்கமளித்தார்கள். ஈற்றில் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து, நோய் கண்ட ஊருக்குள் நுழையலாகாது, அவ்வூரில் இருப்போர் அஞ்சி வெளியேறலாகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதை எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரு இலக்கணங்கள் புலனாகின்றன. ஒன்று, செய்தி நம்பத்தகுந்த வாயிலிருந்து வருதல். மற்றொன்று, கேட்போரின் ஐயத்துக்கு இடமளித்து விடை பகர்தல். நம் காலத்தில் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்க நடந்த பெருமுயற்சியை இவ்விரு இலக்கணங்களைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

இந்தியாவெங்கும் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து வழங்கும் இயக்கம் 1995-இல் தொடங்கிற்று. வானொலியும் தொலைக்காட்சியும் சுவரொட்டிகளும் அழைப்பு விடுத்தன. திரைப்பட நடிகர்களும் வேண்டுகோள் விடுத்தனர். பல மாநிலங்களில் அவ்வழைப்பு பயனளித்தது. ஆயினும் 2002-இல் நாட்டில் 1,600 குழந்தைகள் இந்நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் பெரும்பகுதியினர் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். அவர்களிலும் முராதாபாத் முதலிய மேற்கு மாவட்டங்களின் ஏழை முஸ்லிம் இல்லங்களைச் சேர்ந்தோர் மிகப் பலர்.

அழைப்பு அவர்கள் செவியில் விழாமலில்லை. விழுந்த சொல்லை அவர்கள் நம்பவில்லை என்பதே உண்மை. இம்மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்ற வதந்தி வீடு வீடாக உலவியது. அதை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது நடந்த கட்டாயக் கருத்தடையை அவ்வட்டார மக்கள் மறந்திருக்கவில்லை. சாக்கடைக்கு வழியில்லை, காய்ச்சலுக்கு மருந்தில்லை, குடிநீருக்கு ஏற்பாடில்லை. இச்சொட்டு மருந்தை மட்டும் ஏன் வாசல் தேடி வந்து, அதுவும் மீண்டும் மீண்டும், புகட்டுகின்றார்கள் என்று தாய்மார்கள் வினவினர். இவ்வினாவுக்குச் சுவரொட்டி எங்ஙனம் விடை சொல்லும்? வானொலியிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா?

விடையோ இருந்தது. கழிவுநீர் தேங்கி, வயிற்றுப்போக்கு மிகுந்த இடங்களில் வளரும் குழந்தைகளின் குடலில் இம்மருந்து எளிதில் பயன் தருவதில்லை. ஆதலின் பன்முறை புகட்ட வேண்டியதாயிற்று. இதனைப் பொறுமையுடன் எடுத்துச் சொல்லும் வாய்தான் அங்கில்லாதிருந்தது.

2001 முதல் யுனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன் புதியதொரு அமைப்பு உருவாகியது. அந்தந்தத் தெருவில் வாழும் பெண்களே பணிக்கு அமர்த்தப்பெற்றனர். பர்தா பேணும் இல்லங்களில் அந்நிய ஆடவர் நுழைய இயலாதன்றோ? அண்டை வீட்டுப் பெண்ணோ அடுப்படி வரை சென்று அமர்ந்து பேசினார். ஒவ்வொருவருக்கும் சில நூறு வீடுகள் பொறுப்பாயின. அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா, ஜாமிஆ ஹம்தர்த் ஆகிய கல்வி நிலையங்கள் இப்பணியில் கைகோத்தன. உலமாப் பெருமக்களின் வேண்டுகோள்கள் சிறு நூல்களாக அச்சிடப்பெற்று வீடுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

எந்தப் பணிக்கு எந்த வழி என்பதும் தெளிவாயிற்று. மருந்து வழங்கும் நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தது. மார்க்கம் சார்ந்த ஐயத்தை ஜும்ஆ மேடை நீக்கியது. தாயின் அச்சத்தை அண்டை வீட்டுப் பெண் போக்கினார். சிறுவர் குழுக்கள் தம்பி தங்கையரை அழைத்து வந்தன. 2009 முதல், நோய் வேரூன்றியிருந்த உத்தரப் பிரதேச, பீகார் மாநிலங்களின் 107 வட்டாரங்களில் சுகாதாரம், தூய நீர், வயிற்றுப்போக்குத் தடுப்பு ஆகியவற்றுக்கும் தனித்திட்டம் வகுக்கப்பட்டது. மக்களின் முறையீடு காதில் விழுந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

2010-இல் திறன்மிக்க புதிய வகைச் சொட்டு மருந்தும் வந்து சேர்ந்தது. 2009-இல் 741 ஆக இருந்த நோயாளர் தொகை 2010-இல் 42 ஆகக் குறைந்தது. 2011-இல் மேற்கு வங்கத்து ஹவுராவில் ஒரே ஒரு குழந்தை. அதுவே இறுதி. 2014 மார்ச் 27-ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றது.

நம்பிக்கை முறிந்த இடங்களில் நேர்ந்ததையும் ஒப்பிட்டு நோக்குவோம். நைஜீரியாவின் கானோ நகரில் 1996-இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, வெளிநாட்டு மருந்து நிறுவனமொன்று சுமார் 200 குழந்தைகளிடம் ஒரு புதிய மருந்தைச் சோதித்தது. சோதனைக்கு உட்பட்டோருள் 11 பேர் மாண்டனர். பெற்றோரின் இசைவு முறையாகப் பெறப்படவில்லை என்ற வழக்கும் எழுந்தது. அப்புண் ஆறாத நிலையில், 2003-இல் கானோ மாநிலம் போலியோ மருந்தை நிறுத்தி வைத்தது. முஸ்லிம் நாடான இந்தோனேஷியாவில் தயாரான மருந்தைக் கொணர்ந்த பின்னரே 2004-இல் தடை நீங்கியது. அதற்குள் நோய்க்கிருமி எல்லை கடந்துவிட்டது. யெமன் நாட்டையும், மருந்து தந்துதவிய இந்தோனேஷியாவையுமே 2005-இல் அது தாக்கிற்று.

பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில் 2011-இல், உளவு பார்ப்பதற்காக அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற போர்வையைப் பயன்படுத்தியது. இனி அவ்வாறு செய்வதில்லை என்று அமெரிக்க அரசு உறுதிமொழி தந்தது 2014-இல்தான். அதற்கு முன்பே தடுப்பு மருந்து ஊழியர்கள் ஐயத்துக்குரியோராகி, பலர் உயிரையும் இழந்தனர். ஒருவர் செய்த வஞ்சனைக்கு வேறொருவர் விலை கொடுக்க நேர்ந்தது.

ஒலிபெருக்கியை விலைக்கு வாங்கலாம்; வானொலியில் நேரத்தை வாடகைக்குப் பெறலாம். ஓர் ஆலிமின் சொல்லுக்கும் ஓர் அண்டை வீட்டுப் பெண்ணின் சொல்லுக்கும் உரிய மதிப்பு பல்லாண்டுப் பழக்கத்தில் விளைவது. அது மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானத். மருந்து வேண்டாமென்று ஆராயாமல் மேடையில் முழங்குவதும் அமானத்துக்கு மோசம்; மக்களின் வினாவை ஆள்வோரிடம் எடுத்துச் செல்லாமல், ஆள்வோரின் கட்டளையை மட்டும் மக்களிடம் ஒப்பிப்பதும் மோசமே. முதலில் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, பின்னர் மக்களிடம் பேசி, அவர்தம் குறையைத் திரும்பக் கொண்டு சேர்ப்பதே அதனைக் காக்கும் வழி.

நம் மஹல்லா ஜமாஅத்துகள் இதனை நோய் வருமுன்னரே சிந்திப்பது நலம். வல்ல இறைவன் நம் சொல்லை மெய்யாகவும் பயனுள்ளதாகவும் ஆக்கியருள்வானாக!