கண்மாய்மீது யாருக்கு அதிகாரம்? மதுரைச் சமவெளியில் நீர்ச் சட்டங்கள், 1858–2025

மதுரைச் சமவெளியின் வேளாண்மை கண்மாய்களை நம்பி வளர்ந்தது. மழைக்காலத்தில் சில நாள்களே பெருகி ஓடும் ஆற்று வெள்ளத்தையும் ஓடை நீரையும் வரத்துக்கால் வழியே கண்மாயில் தேக்குவார்கள். அது நிறைந்ததும் மிகுநீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போகும். மடை திறந்து நீரைப் பங்கிட்டவர்கள் நீர்ப்பாய்ச்சிகள். கரையையும் வரத்துக்காலையும் செப்பனிடுவது, கண்மாய்ப் பாசன நிலமான ஆயக்கட்டில் பயிரிடும் குடும்பங்களின் பொதுக்கடமை. இதுவே குடிமராமத்து. இங்கே கடமையைப் போலவே அதிகாரமும் ஊரிடம் இருந்தது.

இந்த இரண்டையும் பிரித்தது காலனி ஆட்சி. கம்பெனி ஆட்சியின் கடைசி ஆண்டான 1858-இல் வந்த சென்னை கட்டாய உழைப்புச் சட்டம், ஊர் வழக்கமாக இருந்த மராமத்து வேலையைச் சட்டக் கட்டாயமாக்கியது. வேலைக்கு வராதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். 1895-இல் பெரியாறு அணை நீர் மலையைக் குடைந்து வைகைப் படுகைக்கு வந்தபோது, பெரிய கால்வாய்களின் நிர்வாகம் பொறியாளர்களிடம் சென்றது. அடுத்து, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம், தனியார் உரிமை நிறுவப்படாத ஏரி, குளம், கால்வாய் அனைத்தையும் அரசின் சொத்து என்று அறிவித்தது. உழைக்கும் கடமை குடியானவரிடமே இருக்க, உரிமை அரசுக்குப் போனது.

விடுதலைக்குப் பின்னும் இந்த அமைப்பு மாறவில்லை. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும் அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பிரிந்தன. வரத்துக்கால் ஒரு துறையிடமும் கண்மாய் வேறொரு துறையிடமும் இருந்தால் தூர் வாரும் பொறுப்பை யார் ஏற்பது?

இதன் விளைவை மதுரை நகரில் நேரடியாகக் காணலாம். கண்மாய் நிலங்கள் குடியிருப்புகளாகவும் அலுவலகங்களாகவும் மாறின. 2004-இல் திறக்கப்பட்ட உயர் நீதிமன்றக் கிளை வளாகமே உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில்தான் அமைந்தது. மறு ஆண்டே, எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற அரசுக்கு உத்தரவிட்டது. 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பிறந்தது. எல்லையை அளந்து, அறிவிப்புக் கொடுத்து, ஆக்கிரமிப்பை நீக்கும் நடைமுறையை அது வகுத்தது. ஆனால் அது பொதுப்பணித் துறைக் கண்மாய்களுக்கு மட்டுமே பொருந்தியது. ஒன்றியக் கண்மாய்கள் அதற்கு வெளியே நின்றன.

அதிகாரத்தை விவசாயியிடம் திருப்பித் தரும் முயற்சிகளும் நடந்தன. பாசன அமைப்புகளை விவசாயிகளே நிர்வகிக்கும் சட்டம் 2000-இல் வந்தது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டுதாரர்களைச் சங்கங்களாகத் திரட்டியது. 2017-இல் குடிமராமத்து அரசுத் திட்டமாக மீண்டும் வந்தது. கண்மாயில் படிந்த கரம்பையை வயலுக்கு இலவசமாக எடுக்கவும் வழி பிறந்தது. அதற்கான அனுமதியை 2024 முதல் தாசில்தாரே தருகிறார். கண்மாயின் கொள்ளளவு கூடுகிறது, வயலுக்கும் வளம் சேர்கிறது. நம் முன்னோர் எந்த மனுவும் எழுதாமல் செய்த வேலை இது.

இந்த வரலாற்றின் அண்மை அத்தியாயம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி. ஏழு மலைகளும் ஊற்றுகளும் ஏரிகளும் சூழ்ந்த அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் சுமார் 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் பரப்புக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்தது. 2023-இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம் இத்தகைய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தந்திருந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்தனர். டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7-இல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நோக்கிப் பேரணி வந்தனர். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தானது.

பாரம்பரியத் தல அறிவிப்பு அந்த 193 ஹெக்டேரைத்தான் பேசியது. மீதமிருந்த வயலையும் கண்மாயையும் காத்தது ஊர் மக்களின் ஒற்றுமை. அடுத்த ஊருக்கும் இதே நிலை வரலாம். பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் இருக்க வேண்டிய மேலாண்மைக் குழுவும், 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான விவசாயிகள் சங்கமும் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. கண்மாயின் எல்லை, வரத்துக்கால், மண் ஆகியவை பற்றிய முடிவுகளில் அவற்றின் ஒப்புதலை அரசு கட்டாயமாக்க வேண்டும். ஒவ்வொரு கிராம சபையிலும் விவசாயிகள் இதை முதல் கோரிக்கையாக வைக்க வேண்டும்.