கொத்தமல்லி பீரும் குவார்ட்டர் பாட்டிலும்

பியர் செலிஸ் ஒரு பால்காரர். பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்ற சின்ன ஊர். அந்த ஊருக்கென்றே ஒரு பீர் இருந்தது. பார்லி மால்ட்டோடு முளைகட்டாத கோதுமை, காய்ந்த ஆரஞ்சுத் தோல், கொத்தமல்லி விதை போட்டுக் காய்ச்சுவார்கள். கலங்கலாக, வெளிறிப்போய் இருப்பதால் வெள்ளை பீர் என்று பெயர். 1950களில் அதைக் காய்ச்சிய கடைசி ஆலையும் மூடப்பட்டது. ஊரே பளபளவென்று தெளிந்த லாகருக்கு மாறிவிட்டது. செலிஸ் சின்ன வயசில் அந்த ஆலையில் எடுபிடி வேலை பார்த்தவர், செய்முறை ஓரளவு கையில் இருந்தது. 1960களின் நடுவில் அவரே காய்ச்ச ஆரம்பித்தார். 1985இல் ஆலை தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பெரிய கம்பெனி ஒன்று பணம் போட்டது, கொஞ்ச காலத்தில் ஆலையும் அவர்களுடையது ஆனது. செலிஸ் அமெரிக்கா போய் டெக்சாஸில் இன்னொரு ஆலை தொடங்கினார்.

இந்தப் பால்காரரின் பீர்தான் இன்று பெங்களூரின் ஒவ்வொரு மைக்ரோ ப்ரூவரியிலும் 'பெல்ஜியன் விட்' என்ற பெயரில் ஓடுகிறது. பலகையில் நாலைந்து சின்ன கிளாஸ் வைத்து ருசி பார்க்கக் கொடுப்பார்களே, அதில் முதல் கிளாஸ் பெரும்பாலும் இதுதான். ஆபீஸ் நண்பர்களோடு போனால் ஒருவன் மோந்து பார்த்துவிட்டு "சிட்ரஸ் நோட்ஸ்" என்பான். எனக்கு ரசப்பொடி வாசம்தான் வரும். பிரா 91 கம்பெனி 2015இல் தன் கோதுமை பீரோடு வந்தபோது, முதலில் அதை பெல்ஜியத்தில் காய்ச்சித்தான் கப்பலில் கொண்டுவந்தது. பிறகுதான் இந்தூருக்கு மாற்றினார்கள். மல்லி விளையும் நாட்டுக்கு மல்லி வாசத்தோடு பீர் கப்பலேறி வந்திருக்கிறது.

இப்படி ஒப்பிட்டுக் குடிக்கும்போது ஒரு பேச்சு கட்டாயம் வரும். "நம்ம ஊர்ல இதெல்லாம் செல்லாதுடா. நம்ம ஆளுங்களுக்கு ருசி முக்கியமில்ல, கிக்குதான் வேணும்." நான் வளர்ந்தது கும்மிடிப்பூண்டியில். சிப்காட்டில் இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நின்றபடியே ஒரு குவார்ட்டரை முடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் அந்தப் பேச்சு எனக்கு உறுத்தும். அது நாக்கைப் பற்றிய பேச்சு மாதிரி தெரியும், உண்மையில் சட்டத்தைப் பற்றிய பேச்சு. அதற்கு பெல்ஜியத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம்.

1919இல் பெல்ஜியத்தில் எமில் வாண்டர்வெல்டே நீதித்துறை அமைச்சர். சோஷலிஸ்ட், தொழிலாளர் கட்சிக்காரர். சுரங்கத்திலும் இரும்பாலையிலும் வேலை செய்தவர்களின் கூலியை அன்று குடித்துக்கொண்டிருந்தது பீர் இல்லை. யெனேவர் என்கிற, ஜூனிபர் காய் வாசம் ஏற்றிய சாராயம். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த, அவர் பெயரிலேயே அறியப்படும் சட்டம், மதுக்கடைகளில் வடித்த சாராயம் எதையும் ஊற்றிக் கொடுக்கக் கூடாது என்றது. வீட்டுக்கு வாங்கலாம், ஆனால் குறைந்தது இரண்டு லிட்டராக வாங்க வேண்டும். தினக்கூலிக்காரனால் முடியாது என்பதுதான் அதன் சூட்சுமம். வசதியானவர்கள் வீட்டில் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். நல்ல எண்ணத்தில் வந்த சட்டம், ஆனால் வர்க்கம் பார்த்து அடித்த சட்டம்.

அது பீரைத் தொடவில்லை. சாராயம் போன இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்துக்குள் பீர் வளர்ந்தது. முதல் உலகப் போர் முடிந்ததைக் கொண்டாட 'விக்டரி ஏல்' என்று வந்த பீர்தான் பிறகு 'பிசாசு' என்று அர்த்தப்படும் டூவெல் ஆனது. 8.5 சதவீதம் ஆல்கஹால். வெஸ்ட்மல்லே மடத்துத் துறவிகள் 1934இல் கொண்டுவந்த டிரிப்பல் 9.5 சதவீதம். நாம் இன்று பக்தியோடு 'பெல்ஜியன் ஸ்ட்ராங் ஏல்' என்று ருசிக்கும் வகை செழித்ததில் ஒரு தடைச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிக் தேடியவர்கள் அவர்களும்தான்! அதை நம் ஆட்களிடம் மட்டும் குறையாகச் சொல்வது நியாயமில்லை.

இன்னொன்று. நம் ஸ்ட்ராங் பீரில் சர்க்கரையும் அரிசியும் போடுகிறான், அதனால்தான் ருசியில்லை என்பார்கள். டூவெலிலும் சர்க்கரை போகிறது. ஆனால் அது பாட்டிலுக்குள் இரண்டாம் முறை நொதிக்கிறது, வாரக்கணக்கில் அறையில் ஓய்வெடுக்கிறது. குடித்தால் தித்திப்பே தெரியாமல் காய்ந்த ருசியாக முடியும். நம் ஸ்ட்ராங் பீரில் முதல் மடக்கில் தித்திப்பு, இரண்டாவதில் தொண்டையில் சூடு, ஜில்லிப்பு போய்விட்டால் மூன்றாவது கிடையாது. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது, போட்டியிலும் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குட்டி நாட்டில் 3,000க்கும் மேல் பீர் ஆலைகள். பக்கத்துத் தெருக்காரனைவிட நன்றாகக் காய்ச்சாவிட்டால் பிழைப்பு இல்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். பீர் நமக்குப் புதுசு ஒன்றுமில்லை. இன்றைக்கு கிராஃப்ட் பீர் உலகமே தூக்கிவைத்து ஆடும் ஐ.பி.ஏ.வில் உள்ள 'ஐ' இந்தியா. லண்டனில் ஹாட்ஜ்சன் ஆலை காய்ச்சிய பீரை கிழக்கிந்தியக் கப்பல் கேப்டன்கள் கல்கத்தாவுக்கும் மதராசுக்கும் கொண்டுவந்து விற்றார்கள். அவர் இந்தியாவுக்கென்றே அதைக் கண்டுபிடித்தார் என்பது அழகான கட்டுக்கதை. ஏற்கெனவே இருந்த வெளிர் பீர்தான், கப்பல் பயணத்தைத் தாங்கியது. அப்புறம் இங்கேயே காய்ச்சத் தொடங்கினார்கள். நீலகிரியில் காசில் ப்ரூவரி 1857லிருந்து. மதராசில் பிரிட்டிஷ் ப்ரூயிங் கார்ப்பரேஷன் 1903லிருந்து. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இவற்றையும் சேர்த்து ஐந்து ஆலைகளை ஒன்றாக்கியதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ், அதாவது கிங்ஃபிஷர். அந்தக் கம்பெனியின் மிகப் பழைய வேர் ஊட்டி மலையில் இருக்கிறது. (டூவெலுக்கான ஈஸ்டையும் பெல்ஜியக்காரர்கள் ஸ்காட்லாந்திலிருந்துதான் கொண்டுபோனார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் இல்லாமல் குடி வரலாறே எழுத முடியாது போல.)

இந்த வரலாறு ஓரிடத்தில் அறுந்தது. 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க. அடுத்த 23 ஆண்டுகள், ஏறக்குறைய ஒரு தலைமுறை, பர்மிட் வைத்திருந்தவர்கள் தவிர யாரும் சட்டப்படி குடிக்கவில்லை. கள்ளச்சாராயம் ஓடியது என்பது தனிக்கதை. 1971இல் கருணாநிதி திறந்தார், மூன்றே ஆண்டுகளில் அவரே மூடினார், 1981இல் எம்.ஜி.ஆர். மறுபடி திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை. இடையில் 1990இல் மலிவு விலை மது வந்து, மறுவருடமே ஜெயலலிதா ஆட்சியில் போனது. மிஞ்சியது 'இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மது' என்ற நீளமான பெயர் கொண்ட பிராந்தி, ரம், விஸ்கி வகையறா. கூடவே ஓரமாக பீர்.

இந்த இடத்தில் வாண்டர்வெல்டேயை நினைத்துப் பாருங்கள். பெல்ஜியம் வடித்த சாராயத்தை மூடிவிட்டு நொதித்த பானத்தை விட்டுவைத்தது. நாம் 4, 5 சதவீதம் இருக்கும் கள்ளை மூடிவிட்டு, 42.8 சதவீதத்தை அரசு முத்திரையோடு விற்கிறோம். நேர் தலைகீழ். கள்ளில் கலப்படம் இருந்தது, மருந்து கலந்து விற்றார்கள், குடும்பங்கள் அழிந்தன. எல்லாம் உண்மை. ஆனால் கலப்படத்துக்குப் பதில் கலப்படத்தைப் பிடிப்பதுதானே?

1983 ஒரு வேடிக்கையான வருஷம். பெல்ஜியம் வாண்டர்வெல்டே சட்டத்தை ரத்து செய்தது அந்த வருஷம்தான். தமிழ்நாடு டாஸ்மாக் கம்பெனியைத் தொடங்கியதும் அதே வருஷம், மொத்த விற்பனைக்கு. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளும் அதன் கையில். பீர் காய்ச்சுகிறவருக்கு மாநிலம் முழுக்க ஒரே ஒரு மொத்த வாடிக்கையாளர். ஊருக்கு ஒரு ருசி என்று சின்னதாகக் காய்ச்சும் ஆளுக்கு அங்கே கதவு எது?

இனி ஒரு சின்னக் கணக்கு, என் தொழில் புத்தி. குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம், சுத்த ஆல்கஹால் 77 மில்லி. பெரிய பாட்டில் பீர் 650 மில்லி, 5 சதவீதம், 32.5 மில்லி. அதுவே ஸ்ட்ராங், 8 சதவீதம் என்றால் 52 மில்லி. மலிவு ரக குவார்ட்டரும் பெரிய பீரும் விலையில் அக்கம்பக்கம்தான் இருக்கின்றன. ரோலிங் மில்லில் எட்டு மணி நேரம் காய்ச்சிய கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு வரும் ஒருவர் எதை எடுப்பார்? என் தாய்மாமா அப்படி ஒரு மில்லில் இருந்தவர். பீரைப் பற்றி அவர் கருத்து ஒரே வரி: "அது வயித்த ரொப்புற தண்ணி மாப்ள, காசுக்குக் கேடு." ருசி தெரியாதவர் இல்லை. மீன் குழம்பில் புளி ஒரு சொட்டு கூடினால் தட்டைத் தள்ளிவிடுவார். கணக்குத் தெரிந்தவர், அவ்வளவுதான். அதே கணக்குத்தான் இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்ட்ராங் பக்கம் தள்ளியிருக்கிறது. வரி ஆல்கஹால் அளவைப் பார்த்து ஏறி இறங்கினால் இந்தக் கணக்கு மாறும்.

இதில் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. பூந்தமல்லி–திருவள்ளூர் சாலையில் குத்தம்பாக்கம், அரண்வாயல் பக்கம் யுனைடெட் ப்ரூவரீஸ் பீர் காய்ச்சுகிறது. அதே குத்தம்பாக்கம் ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்குப் பெயர்போன ஊர். 1996இல் பஞ்சாயத்துத் தலைவரான இளங்கோ, கெமிக்கல் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவர். போலீஸை மட்டும் நம்பாமல், காய்ச்சுகிறவர்களுக்கு வேறு பிழைப்பு காட்டுவதில் இறங்கினார். கள்ளச்சாராயம் கூலிக்காரனின் பானம், அதன் ஆபத்தும் அவனுக்கே. 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டவர்கள். மெத்தனால் பெயின்ட்டுக்கும் ரசாயன ஆலைக்கும் போகிற கரைப்பான். கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டைகளின் அன்றாடச் சரக்கு. நொதித்த பானம் எதிலும் அது இப்படி ஆளைக் கொல்லும் அளவில் தானாக வராது, யாராவது கொண்டுவந்து ஊற்ற வேண்டும்.

பீரில் எனக்கு மிகவும் பிடித்தது பிரசல்ஸ் பக்கத்து லாம்பிக். அதில் யாரும் ஈஸ்ட் போடுவதில்லை. கொதித்த சாற்றை அகலமான தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைப்பார்கள். காற்றிலும் கூரையிலும் இருக்கும் காட்டு ஈஸ்ட் விழுந்து தானே நொதிக்கும். மரப் பீப்பாயில் மூன்று ஆண்டு வரை கிடக்கும். முதல் மடக்கில் புளிப்பு, கொஞ்சம் குதிரைக் கொட்டகை வாசம். முதல்முறை குடித்தபோது அது எனக்குப் பரிச்சயமான ருசியாகப் பட்டது: கேரளத்துக் கள்ளுக்கடையில் மதியம் தாண்டிய கள். வேதியியலும் சொந்தம்தான். இரண்டிலும் காட்டு ஈஸ்ட், இரண்டிலும் லாக்டிக் புளிப்பு. ஒன்று மூன்று வருஷம் இருக்கும், இன்னொன்று மூன்று வேளை தாங்காது. 2016இல் யுனெஸ்கோ பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு போகும் வழியெங்கும் பனை. அங்கே மரம் ஏறுகிறவர் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி, பாளையில் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு நொதிப்பைத் தடுக்கும். தடவினால் காலையில் இறங்குவது பதநீர். தடவ மறந்தால் கள், போலீஸ் கேஸ்.