கைத்திறன் யார் பெயரில் இருக்கிறது? விமானப் பட்டறையும் கோலார் தங்கவயலும்

கோலார் தங்கவயலில் இரு வேறு தொழில் மாற்றங்கள் அருகருகே பதிவாகியுள்ளன. ஒன்று, போர் விமானங்களைப் பழுது பார்த்த ஒரு நிறுவனத்தின் திறன் ரயில் பெட்டிக்கும் புல்டோசருக்கும் மாறிய வரலாறு. மற்றொன்று, மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாறையை அறிந்து வேலை செய்த மக்களின் திறன் 2001இல் ஒரே நாளில் மதிப்பிழந்த வரலாறு. முன்னது சாதனையாகவும் பின்னது சோகமாகவும் தனித்தனியே பேசப்படுகின்றன. இரண்டையும் ஒரே கேள்வியின் கீழ் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் துலங்கும். ஒரு துறையில் பெற்ற கைத்திறனை இன்னொரு துறைக்குச் சுமந்து செல்வது எது?

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியாலும் மைசூர் அரசின் பங்கேற்பாலும் பெங்களூரில் இந்துஸ்தான் விமான நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அதன் போக்கை விரைவிலேயே மாற்றியது. இந்திய அரசு அதன் நிருவாகத்தைக் கையிலெடுத்தது. 1943இல் அப்பொறுப்பு அமெரிக்க ராணுவ விமானப் படையிடம் சென்றது. கிழக்குப் போர்முனையின் விமானங்களைச் செப்பனிடும் பெரும் பணிமனையாக அது இயங்கியது. எஞ்சின், உலோகத் தகடு, மின்கம்பியமைப்பு, கருவிகள் என ஒவ்வொன்றிலும் துல்லியமான வேலை பழகிய தொழிலாளர் கூட்டம் ஒன்று சில ஆண்டுகளில் உருவாயிற்று.

1945இல் போர் முடிந்ததும் அக்கூட்டத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. விடை நிறுவனத்துக்கு உள்ளிருந்தே வந்தது. போரில் எஞ்சிய டகோட்டா விமானங்கள் பயணிகள் விமானங்களாக மாற்றியமைக்கப்பட்டன. 1940களின் இறுதியில் முழு உலோக ரயில் பெட்டிகளின் உற்பத்தி தொடங்கியது. விமான உடலுக்குத் தகடு வளைத்துத் தறையாணி அடித்த கைகளுக்கு ரயில் பெட்டியின் கூடு முற்றிலும் அந்நியமாக இருக்கவில்லை. 1964 மே மாதத்தில் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் பதிவு செய்யப்பட்டு, 1965 ஜனவரியில் செயல்படத் தொடங்கியபோது, இந்துஸ்தான் நிறுவனத்தின் ரயில் பெட்டிப் பிரிவு அதனுடன் சேர்ந்தது. அதே பெமல் நிறுவனம்தான் தங்கவயலில் மண்வாரி இயந்திரங்களுக்கான ஆலையை நிறுவியது. இன்று தங்கவயலில் ஒரு குடியிருப்புப் பகுதியே பெமல் நகர் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. போர் விமானப் பட்டறையில் தொடங்கிய அந்த மரபு பெங்களூர் மெட்ரோ ரயில் பெட்டிகள் வரை நீண்டிருக்கிறது.

இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தனித்தொழிலாளி வேலை தேடி அலைந்து இம்மாற்றம் நிகழவில்லை. நிறுவனம் தன் பொருளை மாற்றிக்கொண்டது. தொழிலாளியின் திறன் நிறுவனத்தின் தோளில் ஏறிச் சென்றது.

விமான மின்னணுவியலில் மாற்றம் வேறு வகையில் நடந்தது. அங்குத் திறனைச் சுமந்தவை பல்கலைக்கழகங்கள். மான்செஸ்டரில் அண்டக் கதிர் ஆய்வு செய்துகொண்டிருந்த பெர்னார்ட் லவல், போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்களுக்கான எச்2எஸ் ரேடாரை உருவாக்கும் பணியில் ஈடுபட்டார். 1945 டிசம்பரில் ராணுவம் பயன்படுத்திக் கழித்த ரேடார் கருவிகளை ஜோட்ரல் பேங்குக்குக் கொண்டு சென்றார். அண்டக் கதிர்ப் பொழிவின் எதிரொலியைத் தேடிய அவருக்கு எரிகற்களின் எதிரொலியே கிட்டியது. அதிலிருந்து புகழ்பெற்ற வானொலி வானியல் ஆய்வகம் ஒன்று வளர்ந்தது. அதே ரேடார் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஃபிரடெரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சேர்ந்து, ரேடார்த் திரைக் குழாயையே நினைவகமாக மாற்றினர். நிரலைத் தன் நினைவில் ஏற்று இயங்கிய முதல் மின்னணுக் கணினி 1948 ஜூன் 21 அன்று அவ்வாறே இயங்கியது.

இந்தியாவிலும் போர் விமானமும் அண்டக் கதிரும் சந்தித்ததுண்டு. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த ஹோமி பாபா, 1944இல் அமெரிக்க விமானப் படையின் விமானத்தில் துகள் எண்ணிகளை ஏற்றி உயரத்தில் அளவீடு செய்தார். மேலே சென்ற அவ்வாய்வு சில ஆண்டுகளில் கீழேயும் இறங்கியது. டாட்டா அடிப்படை ஆய்வுக் கழகத்தின் பி. வி. ஸ்ரீகண்டன் 1951இல் தங்கவயல் சுரங்கத்துக்குள் கருவிகளுடன் சென்றார். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்கு 2.3 கிலோமீட்டர் கீழே, இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் கூட்டுக் குழு வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தைப் பதிவு செய்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது பதிவாயிற்று. இவையே உலகின் முதல் பதிவுகள்.

அக்கண்டுபிடிப்பின் வரலாற்றில் விஞ்ஞானிகளின் பெயர்கள் உள்ளன. கருவிகளைக் கூண்டில் இறக்கியவர்கள், வெப்பமும் ஈரமும் மிகுந்த குடைவில் கூரை சரியாமல் தாங்கு நிறுத்தியவர்கள், பாறை வெடிப்பின் முன்குறியைச் செவியால் அறிந்தவர்கள் ஆகியோரின் பெயர்கள் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களின் வழியினர். தலித் மக்களே அதிகம். 1978இல் பாறை வெடிப்பின் அதிர்வைப் பதிவு செய்யும் மின்னணு வலையமைப்பு தங்கவயலில் நிறுவப்பட்டது. 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கேயே தொடங்கப்பட்டது. பாறையைக் கேட்கும் அறிவு கருவிக்கும் நிறுவனத்துக்கும் சென்று சேர்ந்தது. அதே அறிவை உடலில் சுமந்தவர்களுக்கு அதனால் புதிய தகுதி எதுவும் கிட்டவில்லை.

விமானப் படையை விட்டு வரும் மின்னணுத் தொழில்நுட்பரின் நிலையை இதனுடன் ஒப்பிடலாம். ஜாலஹள்ளியில் 1949 முதல் விமானப் படையின் தொழில்நுட்பக் கல்லூரி இயங்கியது. 1954இல் அங்கேயே பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தோன்றியது. பயிற்சியும் ஆலையும் அண்டை வீடுகளாயின. ஓய்வு பெறும் வீரருக்குப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் மறுகுடியமர்வு இயக்ககம் உண்டு. மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளில் 10 விழுக்காடு முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. மெட்ரிகுலேஷன் தேறி 15 ஆண்டுகள் பணியாற்றியவரைக் குறிப்பிட்ட சில பணிகளுக்குப் பட்டதாரிக்கு நிகராகக் கருதும் விதியும் உள்ளது.

இவ்வளவு இருந்தும் அவருடைய பாதை எளிதன்று. போர் விமானத்தின் ரேடாரைப் பல்லாண்டுகள் பராமரித்தவரும் பயணிகள் விமானத்தின் பராமரிப்புக்குக் கையொப்பமிட வேண்டுமானால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் பெற வேண்டும். அதற்குத் தேர்வுகளில் தேற வேண்டும். ராணுவ அனுபவத்துடன் சிவில் விமானங்களில் பெற்ற அனுபவத்தையும் காட்ட வேண்டும். மின்சுற்று ஒன்றேயாயினும் பொறுப்பின் சட்ட வடிவம் வேறு. எனினும் அவர் முன் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறக்கும் முறை எழுத்தில் இருக்கிறது.

சுரங்கத் தொழிலாளிக்கும் சான்றிதழ் இருந்தது. மேட், வெடிவைப்பவர், கூண்டு இயந்திர ஓட்டுநர் ஆகியோர்க்குச் சுரங்கச் சட்டத்தின்படி தகுதிச் சான்று தேவைப்பட்டது. ஆனால் அச்சான்று சுரங்கத்துக்குள் மட்டுமே பேசும். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, சான்று செல்லுபடியாகும் வெளியே ஊரில் இல்லாமற்போயிற்று. ராய்ச்சூர் மாவட்டத்தின் ஹட்டி தங்கச் சுரங்கம் தொடர்ந்து இயங்கியபோதும், ஒரு நகரத்தின் உழைப்பு முழுவதையும் அது ஏற்க இயலாது. ஒரு காலத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உழைத்த வயலில், அடுத்த தலைமுறை மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் செல்லும் தலைமுறையாயிற்று. பாறை அறிந்தவரின் பிள்ளை காவலாளியாகவும் கட்டுமானத் தொழிலாளியாகவும் கடைப் பணியாளராகவும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. படித்து மென்பொருள் துறைக்குச் சென்றவர்களும் பலர். அவர்களும் தந்தையின் திறனை மூலதனமாகக் கொண்டு செல்லவில்லை. அதை விட்டுவிட்டே சென்றனர்.

தொழில் மாற்றம் என்பதைத் தனிமனித முயற்சியாகவும் தகவமைப்பாகவும் மட்டும் விளக்கும் வழக்கம் ஆய்வுலகில் வலுவாக உள்ளது. தங்கவயல் அவ்விளக்கத்தை ஏற்க மறுக்கிறது. விமானப் பட்டறைத் தொழிலாளி சுரங்கத் தொழிலாளியைவிட முயற்சியுடையவர் என்று சொல்ல எச்சான்றும் இல்லை. முன்னவரின் திறனுக்கு அரசு ஒரு பெயரும், ஒரு தாளும், அடுத்த நிறுவனம் ஒன்றும் தந்தது. பின்னவரின் திறனைக் கூலி என்ற ஒரே சொல்லில் அடக்கியது. எந்த வேலை தொழில்நுட்பம் எனப்படும், எது உடலுழைப்பு எனப்படும் என்ற பாகுபாட்டில் சாதிக்கும் பங்குண்டு என்பதை இந்திய உழைப்பு வரலாறு இன்னும் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

பெமல் ஆலையிலிருந்து மூடிய சுரங்கவாயில்களுக்கு நெடுந்தூரம் இல்லை. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய தொலைவை எந்தத் திட்டமும் கடக்க முயலவில்லை என்பதே தங்கவயலின் தொழில் வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் வினா.