சுழியோட வந்தவரும் கப்பலேறியவர்களும்

ஹட்டன் தோட்ட லயன்களில் செய்தி சேகரிக்கும்போது ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை நினைத்துக்கொள்வேன். கடலடியில் சுழியோடும் ஆசையால் 1956இல் இலங்கையில் குடியேறியவர் அவர். போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் சிதைவுகளை, அவரும் மைக் வில்சனும் திருகோணமலைக் கடலடியில் கண்டார்கள். அது நமக்கும் பெறுமதியான வேலைதான்.

1975இல் அரசு அவருக்கு 'வதிவிட விருந்தினர்' தகுதி வழங்கியது. 2008இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

அதே காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழர், 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பலர் பிறந்தது இங்கே, இந்தியாவைக் கண்டதில்லை. 1977 வன்செயலுக்குத் தப்பி வன்னிக்குப் போன குடும்பங்களைப் போர் மறுபடி இடம்பெயர்த்தது. லயன்களில் எஞ்சியோரில் பலருக்கு இன்றும் காணி உறுதி இல்லை.