உமிஸ்தா: மீண்டு வந்த முகமூடிகள்

பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்டு வருதலைத் தொல்காப்பியர் வெட்சிக்குள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ கரந்தை எனத் தனித் திணையாக்கியது. இதனைப் பாடம் சொல்லும்போதெல்லாம் கனடாவின் மேற்குக் கரையில் வழங்கும் ஒரு சொல் என் நினைவுக்கு வரும். போரில் சிறைப்பட்டவர்கள், ஈடு கொடுத்தோ எதிர்த்தாக்குதல் நடத்தியோ மீட்கப்பட்டு ஊர் திரும்பினால், அவர்கள் 'உமிஸ்தா' பெற்றார்கள் என்பர் குவாக்குவாக்கவாக்கு மக்கள். இன்று அது அலர்ட் பே என்னும் சிற்றூரில் அவர்களே நடத்தும் அருங்காட்சியகத்தின் பெயர்.

மணம், பெயர்சூட்டல், இறந்தோர் நினைவு ஆகியவற்றை ஒட்டி அம்மக்கள் ஊரைக் கூட்டுவர். முகமூடி அணிந்து ஆடுவர். வந்தோர்க்குப் பொருளை வாரி வழங்குவர். பெற்றவர் அந்நிகழ்ச்சிக்குச் சாட்சியாவார். கொடுத்தவர்க்கே பெருமை. 'பாட்லாட்ச்' எனப்படும் இவ்விழாவைப் புறநானூறு பயின்ற நம் வட்டத்தார்க்கு இதற்குமேல் விளக்க வேண்டுவதில்லை. கனடிய அரசு இதனை வீண்செலவென்றும் நாகரிகத்திற்குத் தடையென்றும் கருதியது. 1884ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கொடையைக் குற்றமாக்கிற்று.

அச்சட்டத்தைக் கடுமையாகச் செயற்படுத்தியவர் டங்கன் கேம்பெல் ஸ்காட். 1913 முதல் 1932 வரை பழங்குடியினர் துறையின் தலைமை அதிகாரி. கனடிய இலக்கிய வரலாறு போற்றும் கவிஞருங்கூட. பழங்குடியினரைப் பற்றியே உருக்கமான கவிதைகள் எழுதியவர். கவியுள்ளம் கருணையுள்ளம் என்று மேடைதோறும் பேசும் நமக்கு இது எளிதில் செரிக்காத செய்தி.

1921ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் டான் கிரான்மர் என்பவர் வில்லேஜ் தீவில் பெரியதொரு பாட்லாட்ச் நடத்தினார். அரசு முகவர் ஹாலிடே 45 பேர்மீது வழக்குத் தொடுத்தார். சொற்பொழிவாற்றியது, ஆடியது, பரிசைச் சுமந்து சென்று கொடுத்தது ஆகியவையே குற்றங்கள்! நீதிபதியாக அமர்ந்தவரும் அதே ஹாலிடேதான். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஊரோடு ஒப்படைத்தால் தண்டனை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். அவ்வாறு 22 பேர் தப்பினர். ஆண்களும் பெண்களுமாக 20 பேர் ஓக்கல்லா சிறைக்குச் சென்றனர். கைப்பற்றிய பொருள்களை ஊர்த் திருச்சபைக் கூடத்தில் பரப்பிக் காட்சிக்கு வைத்தனர். பின்னர் அவை ஒட்டாவா, டொராண்டோ அருங்காட்சியகங்களுக்கும், நியூயார்க்கின் ஜார்ஜ் ஹேய் என்ற சேகரிப்பாளர்க்கும் போயின. சிலவற்றைக் கவிஞர் ஸ்காட் தமக்கென வைத்துக்கொண்டார்.

1951இல் தடை நீங்கியது, பொருள்கள் திரும்பவில்லை. பல்லாண்டுக் கோரிக்கைக்குப்பின், அருங்காட்சியகம் கட்டினால்தான் தருவோம் என்ற நிபந்தனையோடு ஒட்டாவா இசைந்தது. தம் பொருளைத் தாம் பெறுவதற்கும் நிபந்தனை! கேப் மட்ஜில் 1979இலும் அலர்ட் பேயில் 1980இலும் இரண்டு அருங்காட்சியகங்கள் எழுந்தன.

உமிஸ்தாவின் காட்சிமுறை என்னை வியக்கவைப்பது. முகமூடிகளுக்குக் கண்ணாடிப் பேழை இல்லை. நெடுங்காலம் அயலிடத்தில் பூட்டிக் கிடந்தவற்றை மீண்டும் பூட்டுவது தகாது என்பது அதனை உருவாக்கிய குளோரியா கிரான்மர் வெப்ஸ்டரின் கருத்து. அவர் அந்த டான் கிரான்மரின் மகள். விழாவில் எம்முறையில் தோன்றுமோ அம்முறையிலேயே அவை நிற்கின்றன. விளக்கப் பலகைகளில் மரத்தின் வகை, செதுக்கிய பாணி என்பன போன்ற அருங்காட்சியக வழக்குமொழிக்கு முதலிடமில்லை. அதிகாரிகளின் கடிதங்களும் முதியோர் நினைவுகளுமே பேசுகின்றன. பறித்த கதையை மறைத்துவிட்டுப் பொருளின் அழகை மட்டும் காட்ட அவர்கள் ஒப்பவில்லை.

மீட்சி இன்னும் முடியவில்லை. ஹேயிடம் சென்றவற்றுள் ஒரு தலையணி பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோனின் பாரிஸ் இல்லத்தை அடைந்திருந்தது. அவர் மகள் 2003இல் அதனைத் திரும்பக் கொடுத்தார், விலை கேட்கவில்லை. லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலிருந்த முகமூடியொன்றும் 2005இல் அலர்ட் பேய்க்கு வந்து சேர்ந்தது, நீண்டகாலக் கடனாக.