மூட்டுவலிக்கு ஒரு மரப்பட்டை

மலர்க்குழு நண்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். "ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம்ப்பா, அதை ஏற்கெனவே ஏழு பேர் எழுதிக் கொடுத்தாச்சு." சரி, நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இன்று எதைப் பேசுகிறோமோ அதையே எழுதித் தருகிறேன் என்றேன். வேறென்ன, வலிதான்! 1974–77 வேதியியல் வகுப்பில் நூலகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறியவர்கள்தான் நாம். இன்றைக்குப் படிக்கட்டைக் கண்டால் கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறோம். என் இரண்டு முழங்கால்களும் எட்டு வருடமாக என்னோடு தகராறில்தான் இருக்கின்றன.

இந்த வலிக்கு நண்பர்கள் சொல்லாத வைத்தியம் இல்லை. முடக்கத்தான் தோசை, நொச்சி ஒத்தடம், வாதநாராயணன் எண்ணெய், ஊர்பேர் தெரியாத சூரணம் என்று தினம் ஒன்று கைப்பேசியில் வந்து விழுகிறது. ஒவ்வொன்றின் கீழும் தவறாமல் ஒரு வரி: "இயற்கையானது, ஒண்ணும் செய்யாது." முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. செடி வைத்தியத்தைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. நாம் விழுங்கும் வலி மாத்திரைகளின் வம்சாவளியைத் தேடிப் போனால் மூதாதையாக ஒரு மரமே நிற்கிறது. அந்த மரம் எப்படி மருந்தாயிற்று என்று தெரிந்துகொண்டால், இன்று நம் கைக்கு வரும் சூரணத்திடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பாதிரியாரும் ஒரு பவுண்டு பட்டையும்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பகுதியில் சிப்பிங் நார்ட்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே வாழ்ந்த எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் ஒருநாள் வில்லோ மரத்தின் பட்டையைக் கடித்துப் பார்த்தார். கடுங்கசப்பு. அக்காலத்தில் முறைக்காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த சிங்கோனாப் பட்டையின் கசப்பு அவருக்கு நினைவுக்கு வந்தது. ஈரநிலத்தில் வளரும் மரம் ஈரநிலத்து நோயைத் தீர்க்கும் என்பது அந்நாளைய நம்பிக்கை. அதுவும் அவருக்குத் துணை நின்றது.

நம்பிக்கையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் விஷயம். ஏறக்குறைய ஒரு பவுண்டு பட்டையைச் சேகரித்தார். ரொட்டி சுடும் அடுப்பின் வெளிப்புறத்தில் மூன்று மாதத்துக்கு மேல் உலர்த்தி, இடித்துப் பொடி செய்தார். மிகக் குறைந்த அளவில் ஆரம்பித்து, நாலு மணிக்கொரு தரம் கொடுத்து, அளவை மெல்ல மெல்லக் கூட்டினார். இப்படி ஐந்து வருடத்தில் சுமார் 50 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார். யாருக்குக் கேட்டது, யாருக்குக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து 1763இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். ஈரநிலத் தத்துவம் தவறு. ஆனால் எடை போட்டு, எண்ணிப் பார்த்து, பலிக்காததையும் மறைக்காமல் எழுதிய அந்த முறை சரி. அதனால்தான் 260 ஆண்டு கழித்தும் அவர் பெயரைச் சொல்கிறோம்.

ஸ்டோன் பார்த்தது காய்ச்சலை. வலிக்கு அந்தப் பட்டையைக் கொண்டுவர இன்னொருவர் வேண்டியிருந்தது. அதற்கு முன் நம் வேதியியல்காரர்கள் அவர்கள் பங்கைச் செய்தார்கள். 1828இல் மியூனிக் நகரில் புக்னர் பட்டையிலிருந்து சாலிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார். 1838இல் இத்தாலியரான பிரியா அதிலிருந்து சாலிசிலிக் அமிலத்தை எடுத்தார். பட்டைக்குப் பட்டை சத்து வேறுபடும் என்ற தொல்லை இதனால் தீர்ந்தது. ஒரு கிரெயின் என்றால் எங்கும் ஒரே கிரெயின்தான்.

ஸ்காட்லாந்தில் டண்டீ நகர மருத்துவர் தாமஸ் மக்லாகன் இந்தச் சாலிசினை வாதக் காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்க்க நினைத்தார். நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன் தானே 5 கிரெயின், பிறகு 10, பிறகு 30 என்று விழுங்கிப் பார்த்தார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உறுதியான பிறகே வார்டுக்கு எடுத்துப் போனார். மூட்டெல்லாம் வீங்கித் துடித்தவர்களின் காய்ச்சலும் வலியும் சீக்கிரமே தணிந்தன. 1876இல் லான்செட் இதழில் அந்த விவரங்கள் வெளியாயின.

வயிறு சொன்ன கணக்கு

பிறகு வந்தது தொழிற்சாலைக் காலம். 1874 முதலே ஜெர்மனியில், நாம் தேர்வுக்கு உருப்போட்ட அதே கோல்பே முறையில், சாலிசிலிக் அமிலத்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மரம் தேவைப்படவில்லை. விலை இறங்கியது. ஆனால் அந்த அமிலம் வயிற்றைப் புண்ணாக்கியது. 1897 ஆகஸ்டில் பேயர் நிறுவனத்தின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதோடு ஓர் அசெட்டைல் தொகுதியைச் சேர்த்தார். 1899இல் அது ஆஸ்பிரின் என்று பெயர் பெற்றது. பெயரில் உள்ள 'ஸ்பிர்' கூட, அதே அமிலம் கிடைக்கும் ஸ்பைரியா என்ற செடியின் பெயரிலிருந்து எடுத்ததுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை உண்டு. அதே மாதத்தில் அதே ஹாஃப்மன் கசகசாச் செடியின் அபினியில் கிடைக்கும் மார்ஃபினுக்கும் இதே அசெட்டைல் வேலையைச் செய்தார். அதை இருமல் மருந்தாக 1898இல் விற்பனைக்கு விட்டார்கள். அதன் பெயர் ஹெராயின். ஒரே கை, ஒரே முறை, இரண்டு செடிச் சரக்கு. ஒன்று உலகத்தின் வீட்டு மருந்தானது, மற்றது எத்தனையோ வீடுகளைக் குடித்தது. "செடியிலிருந்து வந்தது" என்ற சான்றிதழ் இரண்டுக்குமே உண்டு!

ஆஸ்பிரினும் அப்பாவி இல்லை. 1938இல் லண்டன் மருத்துவர்கள் இருவர் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்தபோது, மாத்திரை பட்ட இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. காரணம் 1971இல் ஜான் வேன் ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது. இரைப்பையின் உள்சுவரைக் காப்பதும் அதே வகைப் பொருள்தான். ஆக, நன்மையும் தீமையும் ஒரே வேரில் கிளைத்தவை. இதற்காக வேன் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

மாத்திரையின் வயிற்றுத் தொல்லைக்குப் பயந்து ஜனங்கள் மறுபடி பட்டையைத் தேடினார்கள். இந்த முறை பட்டையையே தராசில் ஏற்றினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி அதிகமாகி வந்த 210 பேரை மூன்று பிரிவாக்கி நாலு வாரம் பார்த்தார்கள். 240 மில்லிகிராம் சாலிசின் உள்ள பட்டைச் சாறு பெற்றவர்களில் கடைசி வாரத்தில் வலியின்றி இருந்தவர்கள் 100க்கு 39 பேர். பாதி அளவு பெற்றவர்களில் 21 பேர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 6 பேர். ஒருவருக்குக் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டதையும் மறைக்காமல் எழுதினார்கள். பட்டை வேலை செய்கிறது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம். 100க்கு 61 பேருக்கு வலி முழுதாக விடவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

தைலமும் மிளகாயும்

இந்தப் பட்டைக் குடும்பத்துச் சரக்கு ஒன்று நம் எல்லோருக்கும் மூக்கால் பழக்கம். இரண்டாம் ஆண்டு கரிம வேதியியல் செயல்முறை வகுப்பை நினைத்துப் பாருங்கள். சாலிசிலிக் அமிலம், மெதனால், இரண்டு சொட்டு அடர் கந்தக அமிலம். சுடவைத்துச் சோடா நீரில் ஊற்றியதும் ஆய்வகம் முழுக்கத் தைல வாசனை வரும். "யாருக்குடா சுளுக்கு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரலும் கட்டாயம் வரும். அதுதான் மெத்தில் சாலிசிலேட். நீலகிரியில் வளரும் வின்டர்கிரீன் செடியின் இலையிலிருந்து ஊட்டியில் காய்ச்சி எடுக்கும் எண்ணெயில் பெரும்பகுதி இதுதான். வலிக்குத் தடவும் தைலங்கள் பலவற்றிலும் இது உண்டு.

மேலே தடவினால் இதம். ஆனால் சுத்தமான வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, உள்ளே போனால் ஏறக்குறைய 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சாதாரண மாத்திரைக் கணக்கில் இருபதுக்கு மேல். பேரக்குழந்தையின் உயிருக்கு அது போதும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதை நிறையத் தேய்த்துக்கொண்டால் தோல் வழியாகவே உள்ளே போய் ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும். தைல பாட்டிலை எங்கே வைக்கிறோம் என்று இன்றைக்கே ஒரு தரம் பாருங்கள்.

அடுத்தது மிளகாய். போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் நம் சமையலறைக்கு வந்த விருந்தாளி. மக்லாகன் கட்டுரை வெளியான அதே 1876இல் த்ரெஷ் என்ற ஆங்கிலேயர் அதன் காரப்பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயரிட்டார். தொடர்ந்து தடவினால் அந்த இடம் வலிக்கு மரத்துப்போகிறது என்பதை ஹங்கேரியின் யாஞ்சோ கண்டார். ஏன் என்பதை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு காட்டியது. நரம்பு முனையில் சூட்டை உணரும் ஒரு கதவை மிளகாய் திறக்கிறது. அதனால்தான் காரம் 'எரிகிறது'. ஓயாமல் தட்டினால் அந்த நரம்பு முனை ஓய்ந்துவிடுகிறது. பறவைகளிடம் அந்தக் கதவு மிளகாய்க்குத் திறப்பதில்லை. கிளி ஏன் மிளகாய்ப் பழத்தை அவ்வளவு ரசித்துத் தின்கிறது என்பதற்கு விடை கிடைத்ததா! ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அக்கி வந்து போன பிறகும் மாதக்கணக்கில் எரியும் நரம்புவலிக்கு 8 சதவீதக் கேப்சைசின் பட்டியை 2009இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மருத்துவர் மேற்பார்வையில் ஒரு மணி நேரம் ஒட்டி எடுப்பார்கள். முழங்காலுக்குக் களிம்பு உண்டு, அளவு மிகக் குறைவு. அதைத் தினம் மூன்று நாலு தரம், வாரக்கணக்கில் தடவ வேண்டும். முதலில் எரியும், பிறகுதான் பலன். "ஒருநாள் போட்டேன், எரிச்சல்தான் மிச்சம்" என்று தூக்கிப் போட்டவர்கள் இதைக் கவனிக்கவும். மிளகாய்த்தூளை எண்ணெயில் குழைத்து வீட்டிலேயே பூசிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

நம் வீட்டுச் செடிகள்

முடக்கத்தானுக்கு அதன் பெயரே விளம்பரம், முடக்கை அறுத்தவன் என்று. நொச்சிக்கும் வாதநாராயணனுக்கும் சித்த மருத்துவத்தில் மரியாதையான இடம் உண்டு. ஆனால் இவற்றின் மீது நடந்த நவீன சோதனைகள் பெரும்பாலும் கண்ணாடிக் குழாயோடும் எலியோடும் நின்றுவிட்டன. வில்லோ பட்டைக்குக் கிடைத்த தராசு முடக்கத்தானுக்கும் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். தாம்பரத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் இருக்கிறார்கள். செடி வைத்தியம் வேண்டுமென்றால் அவர்களிடம் போகலாம். தோசையைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பயமெல்லாம் பெயரில்லாப் பொட்டலத்தில்தான்.

ஏன் என்று கேட்டால் பிரஸ்ஸல்ஸ் கதையைச் சொல்வேன். 1990களின் தொடக்கத்தில் அங்கே உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில், சீன வைத்தியத்தில் மூட்டுவலிக்கும் வழங்கும் ஒரு வேரைச் சேர்ப்பதாகத்தான் ஏற்பாடு. பெயர்க் குழப்பத்தில் வேறொரு வேர் சேர்ந்துவிட்டது, அரிஸ்டோலோகியா. 100க்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதாயிற்று. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. நம் ஊர் ஈசுரமூலி அதே அரிஸ்டோலோகியாக் குடும்பம்தான். 2022இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மூட்டுவலிக்கென்று விற்ற சில 'இயற்கை' மாத்திரைகளில் லேபிளில் சொல்லாத டைக்ளோஃபினாக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் இருந்ததைக் கண்டுபிடித்து எச்சரித்தது. மூணே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் பறக்க வைத்தது மூலிகையா என்று சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு என்று தெரியாமல் பல மாதம் சாப்பிட்டுவிட்டுச் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

ஆக, யார் எந்தச் செடியைக் கொடுத்தாலும் நாலு கேள்வி கேளுங்கள். இதில் என்ன இருக்கிறது? எவ்வளவு, எத்தனை நாள்? யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், எத்தனை பேருக்குக் கேட்கவில்லை? நான் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு சேருமா? கடைசிக் கேள்வி நமக்குத்தான் முக்கியம். நம் வகுப்பில் ஸ்டென்ட் வைத்தவர்கள் உண்டு, சர்க்கரைக்காரர்கள் உண்டு, கிரியேட்டினின் கூடியவர்களும் உண்டு.

பழைய வலி முழுதாகப் போய்விடும் என்று யாரும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. காலை நடை, தொடைத் தசைக்கான பயிற்சி, ஆறு கிலோ எடைக் குறைப்பு, இரவில் கொஞ்சம் தைலம். இவ்வளவில் என் முழங்காலோடு ஒரு சமாதான ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். விழா நாளன்று மருந்துப் பட்டியலை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், கஷாயம் சூரணம் உட்பட. நம்மோடு படித்து மருந்தியல் பக்கம் போன இரண்டு நண்பர்கள் மதிய உணவுக்குப் பின் உட்கார்ந்து பார்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூட்டம் கீழ்த்தளத்தில்தான், படியேற வேண்டியதில்லை.