பண்முறைப் பதிப்பும் எருக்கத்தம்புலியூர் மரபும்

தேவாரத் திருப்பதிகங்கள் ஓதிப் பொருளுணர்தற்கேயன்றிப் பாடுதற்கும் உரியன. ஆதலின் அவற்றைப் பதிப்பிக்கப் புகுவார்க்குக் கடமை இரண்டு உள. பாட்டின் சொல்லைத் திருத்தமுறக் காத்தல் ஒன்று. பதிகத்தின் தலைப்பில் ஏடுகள் தரும் பண்ணின் பெயரைக் காத்தல் மற்றொன்று. முன்னையதிற் காட்டும் விழிப்பைப் பின்னையதிலும் காட்டாக்கால் வரும் இழப்பு யாது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தில்லைக்கும் திருமுதுகுன்றத்துக்கும் இடையே, வெள்ளாற்று அணைக்கட்டாற் பெயர்பெற்ற சேத்தியாத்தோப்பில் வாழ்வார்க்கு இஃது அயலூர்ச் செய்தியன்று. தேவார ஏடுகள் அடைபட்டிருந்த இடமாகத் திருமுறைகண்ட புராணம் கூறுவது தில்லை. திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தை அடுத்த இராசேந்திரப்பட்டினமே பண்டை எருக்கத்தம்புலியூர். ஆளுடைய பிள்ளையாருடன் சென்று அவர் பதிகங்களை யாழிலிட்டு வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் தோன்றியது அவ்வூரே.

உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் அப்புராணம், நம்பியாண்டார் நம்பிகள் திருமுறை வகுத்த பின்னர், பண்ணடைவு அறியும் பொருட்டு யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணியார் ஒருவரை எருக்கத்தம்புலியூரிற் கண்டு, அவரால் பண்கள் வரையறுக்கப்பெற்றன என்று கூறும். இன்ன பண்ணிற்கு இத்துணைக் கட்டளை என்னும் கணக்கையும் அதுவே தரும். அதிற் குறித்த அபயகுலசேகரனை முதலாம் இராசராசன் (985–1014) என ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். அவ்வரசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தமை கல்வெட்டாற் பெறப்படும். அவனுக்கு முற்பட்ட பல்லவர் காலத்துத் திருவல்லக் கல்வெட்டும் திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. ஆகவே, பாடும் வழக்கு முற்றும் அற்றொழிந்ததன்று; ஆங்காங்குச் சிதறி நின்ற வழக்கு, இசைவல்ல மரபொன்றன் வாயிலாக வரையறை பெற்றது எனக் கோடல் புராணத்திற்கும் கல்வெட்டிற்கும் ஒருங்கே பொருந்துவதாம்.

இனி, அவ்வரையறையின் பயனை முதல் திருமுறையிற் காண்போம். அதன் 136 பதிகங்களுள் 23 முதல் 46 வரையுள்ளன தக்கராகம். 47 முதல் 62 வரையுள்ளன பழந்தக்கராகம். 63 முதல் 74 வரையுள்ளன தக்கேசி. இக்காலத்து ஓதுவார் வழக்கில் தக்கராகமும் தக்கேசியும் காம்போதி இராகத்திலேயே பாடப்பெறுகின்றன. இவ்வாறே கொல்லியும் கொல்லிக்கௌவாணமும் நவரோசில் அடங்குகின்றன. இவ்வழக்கைப் பழிப்பது நம் கருத்தன்று. திருமுறை இன்றும் செவிக்கு அமுதாய் நிற்பது ஓதுவாமூர்த்திகளாலன்றோ! ஆயினும், பதிப்பாசிரியர் ஒருவர் பண்ணின் பெயரை நீக்கிக் காம்போதி என்று மட்டும் அச்சிடுவாராயின், இடையே வேறொரு பண் நிற்க முன்னோர் இரண்டாக வகுத்து வைத்தவை ஒன்றாய் மயங்கிவிடும். அவ்விரண்டிற்கும் வேற்றுமை யாதென வினவுதற்கும் பின்வருவார்க்கு இடமிராது. வினாவே அழிந்தபின் விடை எங்ஙனம் தோன்றும்?

1947ஆம் ஆண்டு வெளிவந்த யாழ் நூலில் விபுலாநந்த அடிகள் தேவாரவியல் எனத் தனி இயலே வகுத்துப் பண்களை ஆராய்ந்தார். ஏட்டுத் தலைப்புக்கள் அழியாது வந்தமையானன்றோ அவ்வாராய்ச்சி இயன்றது? 1860களில் காஞ்சிபுரம் சபாபதி முதலியார் தேவாரத்தை அச்சேற்றிய காலந்தொட்டுப் பதிப்புக்கள் பல எழுந்தன. தலந்தோறும் வழிபடுவார்க்குத் தலமுறைப் பதிப்பு உதவும். இசையாராய்ச்சிக்குப் பண்முறையே வேண்டும். புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவன வாயிலாகப் பண்டிதர் தி. வே. கோபாலையர் பண்முறையில் வெளியிட்ட மூலம் 1984, 1985ஆம் ஆண்டுகளிலும், ஆய்வுத் தொகுதி 1991இலும் வந்தன. ஏடுகளையும் முன்னைப் பதிப்புக்களையும் ஒப்புநோக்கிப் பாடம் கண்ட அப்பணி பின்வருவார்க்கு நல்வழி காட்டுவதாம்.

சான்று ஏட்டில் மட்டுமே கிடைக்கும் என்று இருத்தலும் தகாது. ஏடுகளிற் காணப்பெறாத திருவிடைவாய்ப் பதிகம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வூர்க் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. 1892இல் சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தில் அடியார்க்குநல்லார் உரை வாயிலாகவே அறியப்பெற்ற இசைநூல்களுள் ஒன்று அறிவனார் செய்த பஞ்சமரபு. அதன் ஏடு பின்னர்க் கிடைத்து, 1973 முதல் அச்சில் வந்தது. இவ்வாறு கல்லும் உரையும் ஏடும் ஒன்றற்கொன்று துணையாம்.

முடிவாக ஒன்று. திருத்தருமபுரப் பதிகத்தின் தலைப்பைச் சில பதிப்புக்கள் யாழ்முரி என்றும், சில யாழ்மூரி என்றும் தருகின்றன. பதிகத்தின் இசை கருவியில் அடங்காமையின் யாழை முரிக்கப் புகுந்த நாயனார் வரலாற்றை நினைவார்க்கு முன்னையது எளிதிற் பொருந்தும். அது பற்றிப் பின்னையதைப் பிழையெனத் துடைத்துவிடலாமோ? எவ்வேட்டில் எது உள்ளது என்பதைக் காட்டி, தம் கருத்தை அடிக்குறிப்பில் வைப்பதே நெறி. மூலத்தில் ஏட்டின் பண்ணும், கீழே இக்கால இராகமும், அதனின் வேறாகத் தம் ஆராய்ச்சியும் எனப் பிரித்து அமைப்பாராயின், ஓதுவார்க்கும் ஆராய்வார்க்கும் ஒருங்கே பயன்படும். எருக்கத்தம்புலியூர்ப் பெருமாட்டியார் பெயர்தானும் நமக்கு எட்டவில்லை. அம்மரபு வகுத்த பண்களின் பெயரையேனும் சிதையாது காத்தல் சைவத்தமிழ் மக்கள் கடனாம்.